ஆறு மணி நேரத்தில் பாதியாகும் மருந்து

காலை ஏழு மணிக்கு அணு மருத்துவப் பிரிவின் ஹாட் லேபில் முதல் வேலை பால் கறப்பது. எங்கள் துறையில் அப்படித்தான் சொல்வோம். மாடு என்பது ஈயக் கவசத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஜெனரேட்டர். ஒரு பக்கம் உப்புநீர்க் குப்பியைச் செருகி, மறுபக்கம் உள்காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றுக் குப்பியை அதன் ஈய உறையோடு குத்தி வைத்தால் போதும். உப்புநீர் நடுவிலுள்ள அலுமினாத் தூள் வழியே இழுபட்டு, சில நிமிடங்களில் வெற்றுக் குப்பியில் வந்து இறங்கிவிடும். பார்த்தால் வெறும் தண்ணீர். நிறம் இல்லை, மணம் இல்லை, தொட்டால் சூடும் இல்லை. அன்றைக்கு வரப்போகும் அத்தனை நோயாளிகளின் எலும்பையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் படமாக்கப் போவது அந்தச் சில மில்லிலிட்டர்தான்.

அதில் இருப்பது டெக்னீசியம்-99எம். எலும்பு ஸ்கேனுக்குப் பெரியவர் ஒருவருக்கு வழக்கமாகச் செலுத்துவது 20 மில்லிக்யூரி. புதிய அலகில் 740 மெகாபெக்கரல். அதாவது ஒரு நொடிக்கு 74 கோடி அணுக்கள் சிதைகின்றன. கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் அத்தனை டெக்னீசியத்தின் எடை எவ்வளவு என்று கணக்குப் போட்டால், ஏறத்தாழ 4 நானோகிராம். ஒரு கிராமை 25 கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. எங்கள் லேபில் மட்டுமல்ல, எந்த மருந்துக்கடைத் தராசிலும் இதை நிறுக்க முடியாது. ஆகவே எடை போட முடியாத இந்த மருந்தை, அது அழிந்துகொண்டிருக்கும் வேகத்தை வைத்தே அளக்கிறோம். அளக்கும்போதும் அழிந்துகொண்டிருக்கிறது, எழுதி வைத்த எண் மை காய்வதற்குள் பழையதாகிவிடுகிறது. எங்கள் தொழிலின் பாதுகாப்பு முழுக்க இந்த ஓர் உண்மையைச் சுற்றித்தான் நிற்கிறது.

தனிம அட்டவணையில் 43ஆம் இடம் நெடுங்காலம் காலியாக இருந்தது. அங்கே ஒரு தனிமம் இருந்தாக வேண்டும் என்று 1871இலேயே மெண்டலீவ் சொல்லிவிட்டார். தேடியவர்கள் பலர், கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்துப் பின்னால் அது நிலைக்காமல் போனதும் உண்டு. பூமியில் தேடிக் கிடைக்காததற்குக் காரணம், இந்தத் தனிமத்தின் எந்த ஐசோடோப்பும் நிலையானதல்ல. பூமி பிறந்தபோது இருந்திருந்தாலும் எப்போதோ சிதைந்து போயிருக்கும். 1937இல் அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து இத்தாலியின் பலேர்மோவுக்குத் தபாலில் ஒரு மாலிப்டினத் தகடு வந்தது. எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரானில் துகள்களால் அடிபட்டுக் கழற்றப்பட்ட பாகம் அது. எமீலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் அதைக் கரைத்துப் பிரித்துப் பார்த்தபோது 43ஆம் தனிமம் அதற்குள் இருந்தது. மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் என்பதால், பின்னாளில் ‘செயற்கையானது’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து டெக்னீசியம் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே செக்ரேயும் கிளென் சீபோர்க்கும் அதன் ஆறு மணி நேரத்தில் பாதியாகும் வடிவத்தைக் கண்டார்கள்.

அந்த வடிவத்தின் பெயரிலுள்ள ‘எம்’, அணுக்கரு கொஞ்சம் கூடுதல் ஆற்றலைக் கையில் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கான அடையாளம். அந்தக் கூடுதலை 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிராக வெளியே விட்டுவிட்டு அது அமைதியாகிவிடும். இந்த 140 என்ற எண் மருத்துவத்துக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வேன். இதைவிட மிகவும் குறைந்தால் கதிர் உடம்பைத் தாண்டி வெளியே வராது. மிகவும் கூடினால் காமா கேமராவின் படிகத்தில் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும். நாலரை சென்டிமீட்டர் தசை இதில் பாதியைத் தடுக்கும்; மீதி வெளியே வந்து படமாகும். அதே சமயம் ஈயத்தில் கால் மில்லிமீட்டர் கனமே ஏறத்தாழ பாதியைத் தடுத்துவிடுகிறது. மூன்று மில்லிமீட்டர் ஈயத்துக்குப் பின்னால் நின்றால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. நோயாளியின் உடலிலிருந்து வெளியேறும் அளவுக்கு வலிமை, எங்கள் கவசத்தில் நின்றுவிடும் அளவுக்கு மென்மை.

ஆறு மணி நேரத்தில் பாதியாகிற பொருளைக் கடையில் வாங்கி அலமாரியில் அடுக்க முடியாது. அதற்கு விடை 1950களின் இறுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கிடைத்தது. வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் வேறொரு ஜெனரேட்டரில், அயோடின்-132 எடுக்கும் வேலையில் இருந்தார்கள். அதில் ஓர் அசுத்தம் தலைகாட்டியது. ஆராய்ந்ததில் அது டெக்னீசியம்-99எம். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த மாலிப்டினம்-99 ஈன்ற பிள்ளை. மாலிப்டினத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாக ஆகும் நேரம், 66 மணி. அதை அலுமினாவில் ஏற்றி வைத்தால், சிதைந்து சிதைந்து டெக்னீசியத்தைத் தந்துகொண்டே இருக்கும். மாலிப்டேட் அயனிக்கு இரண்டு எதிர்மின்னூட்டம். அலுமினாவை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பெர்டெக்னெட்டேட் அயனிக்கு ஒன்றுதான். உப்புநீர் போனால் அதோடு கழன்று வந்துவிடுகிறது. கறந்த பிறகு மடி மீண்டும் நிறைய ஏறத்தாழ 23 மணி நேரம் ஆகும். நாளுக்கு ஒருமுறை காலையில் கறப்பது என்ற வழக்கம் யாரோ வகுத்த அலுவலக விதியல்ல. இரண்டு அரை ஆயுள்களும் சேர்ந்து போட்டுக் கொடுத்த கணக்கு. இந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்கும் அளவுக்குச் சந்தை இருக்காது என்று அன்றைக்கு முடிவு செய்தார்கள். இன்று உலகில் ஆண்டுக்கு மூன்று கோடி பரிசோதனைகளுக்குக் குறையாமல் டெக்னீசியத்தால் நடக்கின்றன.

அந்த மாலிப்டினம் எங்கிருந்து வருகிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பெரும்பாலும் யுரேனியத்தை அணு உலையில் பிளந்து எடுக்கிறார்கள். உலகத்துக்கே ஒருசில உலைகள்தான் இதைச் செய்கின்றன. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவரில் இருந்த உலை கனநீர்க் கசிவால் நின்றது. 2010 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. அந்த இடைவெளியிலேயே நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காகச் சில மாதம் நிறுத்தப்பட்டது. பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. சேமித்து வைக்க முடியாத மருந்துக்குக் கிடங்கு கிடையாது என்பதை உலகம் அப்போதுதான் உணர்ந்தது. நம் நாட்டில் டிராம்பே உலைகளில் மாலிப்டினத்தையே நியூட்ரான்களால் அடித்துத் தயாரிக்கும் வழியும் உண்டு. அதில் கதிரியக்கம் நீர்த்துப்போய் இருக்குமாதலால் சின்ன அலுமினாக் குழாய் போதாது. அதற்காக மெத்தில் எத்தில் கீட்டோன் என்னும் கரைப்பானை ஊற்றி டெக்னீசியத்தைப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, மிஞ்சியதை உப்புநீரில் கரைக்கும் முறை நம் மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் புழங்கியது. பொறுமையான கைகள் வேண்டிய வேலை அது.

கறந்தாயிற்று. இனி அளக்க வேண்டும்.

அளக்கும் கருவிக்கு டோஸ் கேலிபரேட்டர் என்று பெயர். வெளியே பார்த்தால் கிணறு மாதிரி வாய் திறந்த ஓர் உருளை. சுவருக்குள் அழுத்தி அடைத்த ஆர்கான் வாயு. குப்பியைத் தொங்கவிட்டதும் காமா கதிர்கள் வாயுவை அயனிகளாக உடைக்கும். மின்னழுத்தம் அவற்றை இழுக்கும். மிக நுண்ணிய மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம்தான் திரையில் மில்லிக்யூரியாகத் தெரிகிறது. இங்கே புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கிணற்றுக்குள் என்ன விழுந்திருக்கிறது என்று இந்தக் கருவிக்குத் தெரியாது. டெக்னீசியமா, அயோடினா, தாலியமா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. மின்னோட்டத்தை எண்ணுகிறது, அவ்வளவுதான். எந்த ஐசோடோப்பு என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டியது நாம். முந்தைய நாள் மாலை யாரோ அயோடின் அளந்துவிட்டுப் பொத்தானை மாற்றாமல் போயிருந்தால், மறுநாள் காலை திரையில் தெரியும் எண் எவ்வளவு அழகாக, எத்தனை தசம இடங்களோடு இருந்தாலும் பொய்.

அதனால் ஒவ்வொரு நாளும் கருவியையே முதலில் சோதிக்கிறோம். சீசியம்-137 அடைத்த ஒரு சிறு குப்பி இதற்காகவே இருக்கிறது. அதன் அரை ஆயுள் 30 ஆண்டு. இன்றைக்கு அது எவ்வளவு காட்ட வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறோம். ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம்தான் குறையும். காட்டினால் சரி. காட்டாவிட்டால் அன்று யாருக்கும் ஊசி இல்லை. சில நாள் எண் லேசாகக் கூடியிருக்கும். பெரும்பாலும் பக்கத்து மேசையில் யாரோ திறந்து வைத்த குப்பி, அல்லது முந்தைய நாள் கிணற்றின் உட்சுவரில் ஒட்டிய ஒரு துளி. வெற்றுக் கிணற்றை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை பொறுமையைக் கேட்பது. ஒரு மில்லிக்யூரியைச் சரியாகச் சொல்லும் கருவி, 500 மில்லிக்யூரியையும் சரியாகச் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. கதிரியக்கம் மிகுந்தால் அயனிகள் மின்முனைக்குப் போய்ச் சேருமுன் தமக்குள்ளேயே மறுபடி கூடிவிடும். கருவி குறைத்துச் சொல்லும். குறைத்துச் சொன்னால் நாம் கூடுதலாக எடுத்துவிடுவோம். ஆகவே குறிப்பிட்ட கால இடைவெளியில், வலுவான ஒரு டெக்னீசியக் குப்பியை வைத்து இரண்டு மூன்று நாட்கள் திரும்பத் திரும்ப அளந்து, இயற்கை சொல்லும் ஆறு மணி நேரக் கோட்டிலேயே கருவியும் இறங்குகிறதா என்று பார்க்கிறோம். டெக்னீசியத்தின் சிதைவே அங்கே அளவுகோலாகிவிடுகிறது. அந்தக் கோட்டை யாராலும் வளைக்க முடியாது.

அடுத்து மாலிப்டினம். அலுமினா அதை இறுகப் பிடித்திருக்கிறது என்றேனே, எப்போதும் முழுதாகப் பிடித்திருக்கும் என்று உறுதி இல்லை. அடைப்புக்குள் எங்காவது விரிசல் வழி உண்டானால் மாலிப்டினம் உப்புநீரோடு கசிந்து வந்துவிடும். அது பீட்டா துகள்களை விடுவது. கல்லீரலில் போய்த் தங்குவது. 66 மணி நேரத்தில்தான் பாதியாவது. நோயாளிக்கு எந்தப் பயனும் தராத கதிர்வீச்சு. அதைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது, அவ்வளவு எளிமை. கறந்த குப்பியை ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள ஈயச் சிமிழில் போட்டு மூடி, சிமிழோடு கேலிபரேட்டரில் இறக்குகிறோம். டெக்னீசியத்தின் 140 ஈயத்திலேயே நின்றுவிடும். மாலிப்டினத்தின் முக்கியக் கதிர்கள் 740 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டும் அதற்கு மேலும் ஆற்றலுள்ளவை. ஈயத்தைத் துளைத்து வெளியே வரும். வந்தது எவ்வளவோ, அதை வைத்து மாலிப்டினம் எவ்வளவு என்று கணக்கிடுகிறோம். அமெரிக்க விதிப்படி ஒரு மில்லிக்யூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோக்யூரி மாலிப்டினம் வரை அனுமதி.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. படித்துத் தேறியவர்களும் சறுக்குகிற இடம். அந்த 0.15, ஊசி போடும் நேரத்துக்கான எல்லை; கறந்த நேரத்துக்கானது அல்ல. காலை ஏழு மணிக்கு அளந்தபோது 0.10 இருந்தது என்று வையுங்கள். தேறிவிட்டது. ஆனால் மதியம் ஒரு மணிக்கு டெக்னீசியம் பாதியாகிவிட்டிருக்கும். மாலிப்டினமோ நூற்றுக்கு ஆறு பங்குதான் குறைந்திருக்கும். விகிதம் இப்போது 0.19க்கு நெருக்கம். காலையில் நல்லதாக இருந்த அதே குப்பி, யாரும் தொடாமல், எதுவும் கலக்காமல், பதினொரு மணிக்குள் எல்லையைத் தாண்டிவிட்டது. அதனால்தான் காலை அளவோடு சேர்த்து, இந்தக் குப்பியை எத்தனை மணி வரை பயன்படுத்தலாம் என்பதையும் குப்பியின் மேலேயே எழுதுகிறோம்.

கறந்த டெக்னீசியம் அப்படியே போனால் தைராய்டுக்குத்தான் போகும். தைராய்டு அதை அயோடைடு என்று எண்ணி இழுத்துக்கொள்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியும் இரைப்பையும் அப்படியே. எலும்புக்குப் போக வேண்டுமென்றால் பாஸ்பனேட் மருந்தோடு பிணைக்க வேண்டும். அதற்கான தூள் சின்னக் குப்பிகளில் உறைந்து உலர்ந்து வருகிறது. கூடவே கொஞ்சம் வெள்ளீய உப்பு. வெள்ளீயம் டெக்னீசியத்தை ஒடுக்கி, பிணையத் தயாரான நிலைக்குக் கொண்டுவரும். இந்த வெள்ளீயத்துக்குப் பகை காற்று. சிரிஞ்சில் மருந்தை ஏற்றும்போது கவனமில்லாமல் ஒரு குமிழிக் காற்றைக் குப்பிக்குள் தள்ளினால் வெள்ளீயம் வீணாகிவிடும். பிணையாத டெக்னீசியம் மிஞ்சும். மதியம் படம் எடுக்கும்போது முதுகெலும்போடு சேர்ந்து கழுத்தில் தைராய்டும் வயிற்றில் இரைப்பையும் ஒளிரும். பார்க்கும் மருத்துவர் எங்களைப் பார்ப்பார்.

அது நேராமல் இருக்க, ஊசிக்கு முன்பே விரல் நீளப் பட்டைகள் இரண்டில் ஒவ்வொரு துளி மருந்து வைத்து, ஒன்றை அசிட்டோனிலும் மற்றொன்றை உப்புநீரிலும் நிறுத்துகிறோம். அசிட்டோனில், பிணையாதது மட்டும் மேலே ஏறும். உப்புநீரில், கூழ்மமாகக் கெட்டுப்போனது மட்டும் அடியில் தங்கும். பட்டையை வெட்டி இரண்டு துண்டையும் எண்ணினால் நல்ல மருந்து எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். சில நிமிட வேலை. திங்கட்கிழமைகளில் இதை நான் கூடுதல் கவனத்தோடு செய்வேன். வெள்ளிக்கிழமைக்குப் பின் கறக்காத ஜெனரேட்டரில், ஏற்கெனவே சிதைந்து முடிந்த பழைய டெக்னீசியம் குவிந்திருக்கும். ஒரு நாள் இடைவெளியில் கறந்தால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் புதிய அணுக்கள். மூன்று நாள் விட்டுக் கறந்தால் பதின்மூன்றில் ஒரு பங்குதான். பழையதும் புதியதும் வேதியியலில் இரட்டைப் பிள்ளைகள். வெள்ளீயத்துக்கு வேறுபாடு தெரியாது. பழையதோடு பிணைந்து தீர்ந்துபோகும்.

பாதுகாப்பு என்றாலே கூடிவிடக் கூடாது என்று மட்டும் நினைக்கிறார்கள். குறைந்துவிடுவதும் அதே அளவு தவறு என்பது என் உறுதியான எண்ணம். பத்து மணிக்கு 20 மில்லிக்யூரி வேண்டுமென்றால் ஏழு மணிக்கு 28 எடுத்து வைக்க வேண்டும். நோயாளி பேருந்து கிடைக்காமல் ஒரு மணிக்கு வந்து சேர்கிறார். சிரிஞ்சில் இப்போது 14தான். பரவாயில்லை என்று போட்டுவிட்டால் படம் மங்கலாக, புள்ளி புள்ளியாக வரும். சந்தேகம் தீராமல் இன்னொரு நாள் மறுபடி வரச் சொல்ல வேண்டியிருக்கும். முதல் ஊசியின் கதிர்வீச்சு முழுவதும் அவருக்குப் பயனின்றிப் போனது. அதைவிட, மறுபடி அளந்து, தேவையானதைச் சேர்த்து, புதிய நேரத்தை எழுதிப் போடுவது ஐந்து நிமிட வேலை.

எங்கள் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறையில் மிக அதிகமாகக் கதிர் வாங்குவது மார்பில் குத்திய பேட்ஜ் அல்ல, விரல் நுனி. சிரிஞ்சின் உடல்பகுதியை வெறும் விரலால் பிடிப்பதும் பத்து சென்டிமீட்டர் நீள இடுக்கியால் பிடிப்பதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு; தூரம் பத்து மடங்கானால் கதிர்வீச்சு சுமார் நூறில் ஒரு பங்காகிறது. சிரிஞ்சுக்கு டங்ஸ்டன் உறை உண்டு. நரம்பில் ரத்தம் பின்னேறுவதைப் பார்க்க அதில் சின்ன ஈயக் கண்ணாடி ஜன்னலும் உண்டு. கனமாக இருக்கிறது, நரம்பு தேட இடைஞ்சல் என்று சிலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஒரு நாளுக்கு அது ஒன்றுமில்லை. இருபது ஆண்டு அதே விரல்கள்தானே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். முதலில் உறையில்லாமல் நரம்பில் ஊசிக்குழாயைப் பொருத்திவிட்டு, சாதாரண உப்புநீர் சீராகப் போகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு உறையோடு மருந்தைச் செலுத்தினால் இரண்டு சிக்கலும் தீரும். மருந்து நரம்புக்கு வெளியே சதையில் இறங்கிவிடும் பிழையும் இதனால் குறையும்.

எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்டு மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொல்வோம். அந்த நேரத்தில் மருந்தின் ஒரு பகுதி எலும்பில் படியும். மற்றது சிறுநீரில் இறங்கும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும், அடிக்கடிக் கழிப்பறைக்குப் போகச் சொல்வதும் சம்பிரதாயத்துக்காக அல்ல. சிறுநீர்ப்பை அதிகக் கதிர் வாங்கும் உறுப்புகளில் ஒன்று. தேங்கவிடாமல் வெளியேற்றினால் அந்த அளவு குறையும். ஸ்கேன் முழுவதற்கும் உடம்பு பெறுவது ஏறத்தாழ 4 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே உலக மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகப் பெறுவது 2.4, மோனசைட் மணல் நிறைந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் அதைவிடக் கூடுதல்.

ஒருமுறை காத்திருப்பு அறையில் ஒரு பாட்டி கேட்டார்: “ஊசி போட்டாச்சே தம்பி, வீட்டுக்குப் போனா பேத்தியைத் தூக்கலாமா? கைக்குழந்தை.”

“தூக்கலாம் பாட்டி. இன்னைக்கு ராத்திரி வரைக்கும் மடியில ரொம்ப நேரம் வெச்சுக்க வேண்டாம், அவ்வளவுதான். நாளைக்கு இந்நேரம் பதினாறுல ஒரு பங்குகூட இருக்காது. நீங்க தண்ணி குடிச்சு வெளியேத்துறதையும் சேர்த்தா இன்னும் கம்மி.”

“அப்புறம் உள்ளேயே தங்கிடாதே?”

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ‘தங்காது’ என்பதல்ல. அவருக்கு நான் கணக்கையே சொன்னேன். 740 மெகாபெக்கரல் டெக்னீசியம்-99எம் முழுவதும் சிதைந்து முடிந்தால் மிஞ்சுவது சாதாரண டெக்னீசியம்-99. அதன் அரை ஆயுள் 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டு. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் அவ்வளவு மெதுவாகச் சிதைவதால், அத்தனை அணுக்களும் சேர்ந்து நொடிக்கு இரண்டு மூன்று சிதைவுதான். பாட்டியின் உடம்பில் பிறந்ததிலிருந்தே இருக்கும் பொட்டாசியத்தில் நொடிக்குச் சில ஆயிரம் சிதைவுகள் நடந்துகொண்டிருக்கின்றன. அந்த இரண்டு மூன்றிலும் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு தம்ளர் தண்ணீர் கேட்டார்.

மாலையில் பயன்படுத்திய சிரிஞ்ச், பஞ்சு, கையுறை எல்லாம் ஈயம் பதித்த தொட்டியில் போகும். மூடியில் தேதி, நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மூடினால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு 62 மணி நேரம் ஆகியிருக்கும். பத்து அரை ஆயுளுக்குச் சற்று மேல், ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழ். அப்போதும் நேரத்தை மட்டும் நம்பிப் பையை வெளியே அனுப்புவதில்லை. வெறும் அறையின் அளவை முதலில் எடுத்துக்கொண்டு, பையின் எல்லாப் பக்கமும் சர்வே மீட்டரை மெதுவாக நகர்த்திப் பார்க்கிறோம். முள் அறையின் அளவிலேயே நின்றால் கதிரியக்கச் சின்னத்தைக் கிழித்துவிட்டு, மற்ற மருத்துவமனைக் கழிவோடு சேர்க்கலாம். ஒரு மூலையில் லேசாக ஏறினாலும் பை மறுபடி தொட்டிக்குள் போகும்; மூடியில் செவ்வாய்க்கிழமை என்று எழுதி வைப்போம்.